டாக்டர் போட்ட ஒற்றைக் கோடு

பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டியிருப்பதையெல்லாம் நின்று படிப்பது ஒன்றரை வருஷமாக எனக்குப் பிடித்த வேலை. முதியோர் வகுப்பில் எழுத்துக் கூட்டப் பழகிய நாளிலிருந்து எந்தச் சுவரையும் நான் சும்மா கடந்ததில்லை. கடைத் திறப்பு, மூல வைத்தியம், மஞ்சள் நீராட்டு, எதுவானாலும் கடைசி எழுத்துவரை போய்விட்டுத்தான் நகருவேன். முழங்கால் வலிக்கும். ஒரு வரி முடிந்ததும் வாய்க்குள் ஒரு தித்திப்பு வரும், அதற்காக நிற்பேன்.

அன்றைக்குக் காலையில் கறுப்புக் கட்டம் போட்ட போஸ்டர் ஒன்று இருந்தது. படம் இருந்த பாதியின் மேல் யாரோ காதுகுத்து அழைப்பை ஒட்டியிருந்தார்கள். கீழே எழுத்து மட்டும் தெரிந்தது. ‘டாக்டர்’ உடனே வந்துவிட்டது, அது எனக்குப் பழகிய சொல். அடுத்ததை ‘தே’ என்றேன், ‘வ’ என்றேன், ‘நே’ என்றேன். ‘சன்’ என்று முடிப்பதற்குள் கை சுவரைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பெயரை எத்தனையோ வருஷம் வாயால் சொல்லியிருக்கிறேன். எழுத்தில் படித்தது அதுதான் முதல் தடவை. எழுத்து எனக்குக் கொண்டுவந்த முதல் கெட்ட செய்தியும் அதுதான்.

எழுபத்தொரு வயதில் போய்விட்டார் எங்கள் பல் டாக்டர். மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்று போட்டிருந்தது. அதையும் படித்தேன். பிறகு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, கண் மறுபடி அந்தச் சுவருக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

அடக்கம் முடிந்த வாரம் அவருடைய மகள் கிரேஸ் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். நினைவு ஆராதனை அன்று கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறார்கள். அப்பாவோடு வேலை செய்தவர்கள் எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன் என்றார். சொல்ல மாட்டேன், எழுதுவேன் என்றேன். இது பன்னிரண்டாவது நாள். ஒரு நாளைக்கு அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. விரல் விறைத்துப்போகிறது, சாயங்காலமானால் எழுத்தெல்லாம் நீந்துகிறது. இதைப் படிக்கப்போகிற நீங்கள் அவரோடு ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், போலீஸ் ஸ்டேஷன்களில் இருந்து ஓய்வு பெற்றவர்கள், அவருடைய சர்ச்சுக்காரர்கள். அவர் நல்லவர் என்று உங்களுக்கே சொல்லி என் விரலைத் தேய்க்கப் போவதில்லை. ஒரு காரியத்தை மட்டும் சொல்கிறேன். அதில் பாதிதான் உங்களுக்குத் தெரியும்.

நான் எத்திராஜுலு. அவர் இருந்த ஆஸ்பத்திரியில் பிணவறை உதவியாளனாக இருந்தேன். பேருக்குத்தான் பிணவறை. ஸ்ட்ரெச்சர் தள்ள, கதவு திறக்க, பல் பிடுங்கும்போது ஆளைப் பிடித்துக்கொள்ள என்று கூப்பிட்ட இடத்துக்கெல்லாம் போவேன். உடலை அறுத்துப் பார்க்கிற டாக்டர் வேறு. ஆனால் யாரென்று தெரியாத உடல் வந்துவிட்டால் வயது என்ன என்று கேட்டுப் போலீஸ்காரர்கள் தேவநேசன் சாரிடம்தான் வருவார்கள். உயிரோடு இருப்பவர்களையும் கூட்டி வருவார்கள். பிறந்த தேதிக்குக் காகிதம் இல்லாதவர்கள், இருக்கிற காகிதத்தை யாரும் நம்பாதவர்கள். பல்லைப் பார்த்து அவர் வயது சொல்ல வேண்டும்.

ஒரு தடவை ஒரு எஸ்.ஐ. ஒருவனைக் கூட்டி வந்தார். பஸ்ஸில் பை அறுத்தான் என்று வழக்கு. பதினெட்டு முடிந்திருந்தால் பெரிய ஜெயில், முடியாவிட்டால் சிறுவர்களை வைக்கிற இடம். சார் அவன் வாயைத் திறக்கச் சொல்லி, கடைசியாக முளைக்கிற ஞானப்பல்லைப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்து அதன் வேர் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று பார்த்தார். பதினாறுக்கு மேல், இருபதுக்குள் என்றார். எஸ்.ஐ.க்குப் பொறுமை போய்விட்டது.

“சார், கோர்ட்டு ஒரே நம்பரா கேக்குது.”

“கோர்ட்டு கேக்குதுன்னு பல்லு சீக்கிரம் முளைக்குமாய்யா? பதினெட்டுன்னு எழுதிக்கோ. பக்கத்துலயே கூடக்குறைய ரெண்டு வருஷம்னும் எழுதிக்கோ.”

அந்தக் ‘கூடக்குறைய’ அவருடைய சொத்து. நர்ஸம்மாக்கள் அவரை முதுகுக்குப் பின்னால் கூடக்குறைய டாக்டர் என்பார்கள். அவருக்கும் அது தெரியும். பல் பிடுங்க வந்தவர் வலிக்குமா சார் என்று கேட்டால் “கூடக்குறைய” என்பார். “பல்லு பொய் சொல்லாது. ஆனா முழுசாவும் சொல்லாது” என்பது அவர் அடிக்கடி சொன்ன வார்த்தை. சொன்ன வயதுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கொஞ்சம் இடம் விடாமல் அவர் எழுதியதில்லை. ஒரே ஒரு தடவை தவிர.

அதற்கு முன்னால் என் பல்லைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் பிறந்த வருஷம் எனக்குத் தெரியாது. வேலையில் சேரும்போது ஒரு கிளார்க் என் முகத்தைப் பார்த்து ஒரு தேதி போட்டார், அதுதான் என் பிறந்த நாள். ஊருக்கெல்லாம் வயது சொல்கிறாரே என்று ஒருநாள் சாரிடம் என் வாயைத் திறந்து காட்டினேன். டார்ச் அடித்துப் பார்த்தார்.

“உன் பல்லு அறுபதுன்னு சொல்லுது. உன் நாக்கு இருபதுன்னு சொல்லுது. நடுவுல ஒண்ணு வச்சிக்கோ. அந்த பீடியை விடுய்யா, முன்பல்லு எப்படித் தேஞ்சிருக்குது பாரு.”

சிரித்துக்கொண்டு வந்துவிட்டேன். அது பீடியால் தேய்ந்ததில்லை. ஏறக்குறைய இருபத்தைந்து வயதுவரை நான் ஆர்.கே.பேட்டைப் பக்கம் தறியில் உட்கார்ந்தவன். நூல் அறுந்தால் முடிச்சுப் போட்டு மிச்சத்தைப் பல்லால் கடிப்போம். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாக் கட்டையின் கண்ணுக்குள் நூலை வாய் வைத்து உறிஞ்சி இழுப்போம். காலையில் செங்கல் தூளால் பல் தேய்ப்போம். கொஞ்ச வருஷத்தில் பல்லெல்லாம் மழுங்கி, முன்பல் இரண்டுக்கும் நடுவில் நூல் போகிற அளவுக்கு ஒரு வெட்டு விழும். தறிக்காரர்கள் சிரித்தால் ஒருவரை ஒருவர் தெரிந்துகொள்வார்கள். இதை நான் அன்றைக்கே சாரிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல ஒரு காரணமும் இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆடிக் கிருத்திகை வாரம். திருத்தணி மலைக்குக் காவடிக் கூட்டம் தமிழ்நாடு, ஆந்திரா இரண்டு பக்கத்திலிருந்தும் வந்துகொண்டிருந்தது. மயங்கி விழுந்தவர்கள், காலில் கண்ணாடி ஏறியவர்கள் என்று ஆஸ்பத்திரியில் நிற்க இடமில்லை. பல் டாக்டரும் இரண்டு நாளாக ஊசி போட்டுக்கொண்டும் தையல் போட்டுக்கொண்டும் இருந்தார். அந்த நேரத்தில் திருவாலங்காட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஓர் உடலைக் கொண்டுவந்தார்கள். தண்ணீரில் இரண்டு வாரம் கிடந்த உடல். முகம் முகமாக இல்லை. இடுப்பில் மஞ்சள் வேட்டி, அந்த மாதத்தில் எல்லோரும் கட்டுகிற வேட்டி. நரையைப் பார்த்தாவது ஏதாவது சொல்லலாம் என்றால், தலை மொட்டை. மலைக்கு முடி கொடுத்தவர். திருத்தணிப் பக்கத்தில் இது எங்களுக்கு வாடிக்கையான சங்கடம். வருகிறவர்கள் பாதிப் பேர் மொட்டை, மஞ்சள் வேட்டி. இறந்துவிட்டால் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் வித்தியாசம் தெரியாது.

சார் வந்தார். நான் தாடையைப் பிடித்துக்கொண்டேன், அவர் டார்ச் அடித்தார். பல்லெல்லாம் மழுங்கித் தேய்ந்திருந்தது. ஏட்டு வாசலில் நின்றபடி, கூட்டத்துக்குப் போகணும் சார், இந்த ஒரு தடவை இழுக்காமல் ஒரே நம்பராகச் சொல்லிவிடுங்கள் என்றார். சார் நெற்றியை முழங்கையால் துடைத்துக்கொண்டார். ஐம்பத்தைந்து என்று எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்தில் வேறு எதுவும் எழுதவில்லை. வழக்கப்படி இரண்டு பல்லை மட்டும் எடுத்துச் சீசாவில் போட்டுச் சீல் வைத்தோம்.

தாடையைப் பிடித்திருந்த என் விரல் அந்த முன்பல்லின் வெட்டில் பட்டது. அது என்ன என்று என் விரலுக்குத் தெரிந்தது. என் புத்திக்கு அது ஏறவில்லை.

மறுநாள் பிணவறை கேட்டருகே ஒரு பெண் வந்து நின்றாள். பெயர் கோவிந்தம்மாள். புருஷன் முனிரத்தினம், விசைத்தறி ஓட்டுகிறவர், வயது முப்பத்துநாலு. மொட்டை போட்டுக்கொண்டு வருகிறேன் என்று மலைக்குக் கிளம்பியவர் இரண்டு வாரமாக வரவில்லை. ஸ்டேஷனில் கேட்டிருக்கிறாள். ஆஸ்பத்திரியில் ஒன்று இருக்கிறது, ஆனால் அது கிழவன், உன் புருஷன் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று என்னிடம் கேட்டாள்.

பார்த்தால் அவள் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். டாக்டர் எழுதியும் கொடுத்துவிட்டார். எழுதினது எழுதினதுதான் என்று நம்பியிருந்தவன் நான். காகிதத்தில் ஏறிவிட்டால் அது மலைமேல் வெட்டின படி மாதிரி, யாரும் அசைக்க முடியாது என்று நினைப்பேன். “இது வயசான ஆளும்மா. டாக்டரே எழுதிட்டாரு. வூட்டுக்குப் போ, உன் ஆளு வந்துருவாரு” என்றேன். அவள் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனாள். சந்தோஷமாகத்தான் போனாள். அதற்கடுத்த வாரம் அந்த உடலை ஆற்றோரம் நான்தான் புதைத்தேன்.

எட்டு மாதம் போனது. பங்குனி வெயிலில் ஒருநாள் ஒரு நெசவாளி கன்னம் வீங்கி வந்து சாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். சார் வாயைப் பார்த்துவிட்டு வயது கேட்டார். முப்பத்தொன்று என்றார் அந்த ஆள். சார் மறுபடி பார்த்தார். இவ்வளவு தேய்ந்திருக்கிறதே, என்ன சாப்பிடுகிறாய், எதைக் கடிக்கிறாய் என்று கேட்டுக்கொண்டிருந்தார். தலையைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் குறுக்கே சொன்னேன்.

“தறிக்காரன் பல்லுங்க சார். எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். எனக்கும் இருக்குதே. அந்தக் கிணத்து ஆளுக்குக்கூட இதே மாதிரிதானே இருந்துச்சி.”

சாரின் கை அந்த ஆளின் வாய்க்குள் அப்படியே நின்றது. மெதுவாக வெளியே எடுத்தார். கையுறையைக் கழற்றவில்லை.

“எந்தக் கிணத்து ஆளு?”

சொன்னேன்.

“அன்னைக்கே ஏன் சொல்லல?”

“நீங்க எழுதிட்டீங்களே சார்.”

பிணவறை கேட்டுக்கு வந்து திரும்பிப் போன பெண்ணைப் பற்றியும் சொன்னேன். அவர் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. நாற்காலியில் இருந்தவரின் பல்லை ஒழுங்காகப் பார்த்து, மருந்து எழுதி, அனுப்பிவிட்டு வந்து என் வாயைத் திறக்கச் சொன்னார். பீடி என்று அவர் சொன்ன அந்த வெட்டை வெகுநேரம் பார்த்தார்.

போலீசிடம் சொல்லிச் சீசாவைத் திறந்தார். ஒரு பல்லை மெலிசாகத் தேய்த்து வெளிச்சத்துக்கு முன் பிடித்து என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். வயது ஏற ஏறப் பல்லின் வேர் நுனியிலிருந்து மேல்நோக்கிக் கண்ணாடி மாதிரி ஆகிக்கொண்டே வருமாம். அறுபது வயதுக்காரர் என்றால் நல்ல உயரத்துக்கு வெளிச்சம் ஊடுருவும். இதில் நுனியில் மட்டும் துளி வெளிச்சம் இருந்தது. முப்பதிலிருந்து நாற்பதுக்குள் என்றார். “மேல தேஞ்சது அவன் செஞ்ச வேலை. வேருதான் அவன் வயசு. நான் வேலையைப் பாத்துட்டு வயசுன்னு எழுதிட்டேன்.”

பதிவேட்டில் அந்த ஆடிக் கிருத்திகை வாரத்துப் பக்கத்தைத் திருப்பினார். ஆபீசில் வெள்ளை மை இருக்கிறது, கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஸ்கேலை வைத்து, எழுதியதன் மேல் ஒரே ஒரு கோடு இழுத்தார். கீழே இருந்தது அப்படியே தெரிந்தது. பக்கத்தில் புதிதாக எழுதி, இந்தத் தடவை கூடக்குறைய எவ்வளவு என்றும் எழுதி, அன்றைய தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டார். எழுத்து எனக்கு அப்போது எறும்பு வரிசை. கோடு மட்டும் புரிந்தது. காகிதத்தில் ஏறியதையும் மாற்றலாம் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

போலீசுக்கும் கடிதம் எழுதினார். கூட வேலை செய்த ஒரு டாக்டர் வந்து அக்கறையாகத்தான் சொன்னார். உடம்பு மண்ணுக்குப் போய்விட்டது, யாரும் கேட்கவில்லை, நீங்களாகப் போய் எதற்குத் தலையைக் கொடுக்கிறீர்கள் என்று. “யாரும் கேக்கலன்னு சொல்லாதீங்க. ஒரு பொம்பளை வந்து கேட்டுது. நாமதான் அனுப்பிச்சிட்டோம்” என்றார் சார்.

மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. இரண்டு நாள் தூங்காமல் இருந்தீர்களே, களைத்துப் போயிருந்தேன் என்று எழுதுங்கள் என்று நானும் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். “களைப்பு இருந்துச்சி. உனக்கும்தான் இருந்துச்சி. ஆனா அது காரணம் இல்ல. ஒரே நம்பரு குடுத்துட்டா சீக்கிரம் வூட்டுக்குப் போலாம்னு நெனச்சேன் பாரு, அதான் காரணம்.” அப்படியேதான் எழுதினார் என்று பிறகு கிளார்க் சொன்னார்.

மீதி இருந்த பல்லையும், காணாமல் போன வழக்குக்கு என்று மட்டும் சொல்லிப் போலீஸ் எடுத்த முனிரத்தினத்தின் தாயாருடைய ரத்தத்தையும் ஒத்துப் பார்க்கச் சென்னைக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் கழித்துப் பதில் வந்தது. அந்தத் தாயின் மகன்தான். போலீசில் தகவல் சொல்லிவிடுகிறோம் என்றார்கள். சார் ஒப்புக்கொள்ளவில்லை. எழுதினவன் நான், நான் போகிறேன் என்றார். என்னைப் பார்த்து, “கேட்டுல சொன்னவன் நீ. நீயும் வா” என்றார்.

ஆர்.கே.பேட்டை பஸ்ஸில் போய் இறங்கினோம். தெரு முழுக்க விசைத்தறிச் சத்தம், ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. கோவிந்தம்மாள் தறி ஓட்டிக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் சுவிட்சை நிறுத்தினாள். பெரிய பொட்டு, தலையில் பூ. அவளுடைய மாமியார் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அந்தப் பதினோரு மாதத்தில் அந்த வீட்டில் என்ன நடந்தது என்று வரும் வழியில் டீக்கடையிலேயே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. முனிரத்தினம் மொட்டையும் போடவில்லை, மண்ணாங்கட்டியும் போடவில்லை, நகரியில் ஒருத்தியோடு இருக்கிறான் என்று ஊரில் பேச்சு. இவள் வாய்க்குப் பயந்துதான் என் பிள்ளை ஓடிவிட்டான் என்று மாமியார் தெருவில் நின்று சொல்லியிருக்கிறார்.

சார் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். கிணற்றில் கிடைத்தது உன் புருஷன்தானம்மா, கிழவன் என்று தப்பாக எழுதினது நான் என்றார். மலையிலிருந்து திருவாலங்காட்டுக் கோயிலுக்கும் போயிருக்கலாம், கை கால் கழுவ இறங்கி வழுக்கியிருக்கலாம், அது யாருக்கும் தெரியாது, தெரியாததைச் சொல்ல மாட்டேன் என்றார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“நீங்கதான அன்னைக்கி கேட்டாண்ட நின்னுகினு இருந்தீங்க?”

“ஆங், நான்தாம்மா.”

யாரிடமும் இல்லாமல், “அப்ப அவரு எங்கியும் ஓடிப் போவல” என்றாள். கட்டில் பக்கம் திரும்பினாள். “அத்தே, கேட்டுக்கினீங்களா? உங்க புள்ள ஓடிப் போவல.” மாமியார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுத் தறி நின்றது, எதிர்வீட்டுத் தறி நின்றது. வாசலுக்கு வந்து நின்றவர்களிடமும் அவள் அதையேதான் சொன்னாள். அழவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். அந்தத் தெருவில் அன்றைக்குத்தான் பேச்சுக் கேட்டது.

திட்ட வேண்டுமானால் திட்டிவிடம்மா என்றார் சார்.

“உங்களைத் திட்டி இன்னா சார். பதினோரு மாசமா பொட்டு வச்சிக்கினு, கண்ணாடி பாக்கறப்பல்லாம் அவரைத்தான் திட்டிக்கினு இருந்தேன். நல்லா இருப்பியான்னு கேட்டுகினு இருந்தேன். அதுக்கு யாராண்ட போயி மன்னிப்பு கேக்கறது?”



திரும்பி வரும்போது பஸ் ஜன்னலில் தலையைச் சாய்த்தவர் திருத்தணி வரும்வரை எழுந்திருக்கவில்லை. தூங்கினாரா, கண்ணை மூடிக்கொண்டிருந்தாரா தெரியாது. எத்தனையோ உடல்களைத் தூக்கியவன் நான். அவ்வளவு அசதியை ஒரு முகத்திலும் பார்த்ததில்லை.

அடுத்த வாரம் கோவிந்தம்மாள் மாமியாரையும் கூட்டிக்கொண்டு வந்தாள். ஆற்றோரம் புதைத்த இடத்தைக் காட்டினேன். தோண்ட வேண்டாம், இங்கேயே இருக்கட்டும் என்றாள். பாலை ஊற்றினார்கள். ஒரு கல்லை நட்டு வைத்தேன். அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை வருவாள், என்னைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். மூன்றாவது வருஷத்திலிருந்து என்னை நைனா என்று கூப்பிடுகிறாள். எங்கள் பக்கத்தில் தகப்பனைக் கூப்பிடுகிற பேர் அது. அதற்கு நான் தகுந்தவனா என்று கேட்டுக்கொள்ளாத வருஷம் இல்லை.

அந்தக் கோட்டுக்கு சார் ரொம்பக் காலம் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். கோர்ட்டில் சாட்சி சொல்லப் போனால் எதிர்வக்கீல் அதைத்தான் முதலில் எடுப்பார். முப்பத்துநாலை ஐம்பத்தைந்து என்று எழுதியவர்தானே நீங்கள் என்பார். “ஆமாங்க, எழுதினேன். அதனாலதான் இப்ப வேரைப் பாக்கறேன்” என்பார் இவர். கூடப் போன ஏட்டு எங்களிடம் வந்து நடித்துக் காட்டுவார்.

எழுத்துப் பழகிய பிறகு நான் செய்த முதல் வெளிவேலை, ஒரு டப்பா பெயிண்டும் பிரஷும் எடுத்துக்கொண்டு போய் அந்தக் கல்லில் ‘முனிரத்தினம், வயது 34’ என்று எழுதியது. ஒரு பகல் முழுக்க ஆனது. நாலு மாதத்துக்கு முன் சாரைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். அவரால் அப்போதே அதிகம் உட்கார முடியவில்லை. தலையணையில் சாய்ந்திருந்தார்.

“வயசும் போட்டியா? பக்கத்துல கூடக்குறைய போட்டியா?”

“பொண்டாட்டி சொன்ன வயசு சார். அதுக்குக் கூடக்குறைய கிடையாது.”

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. பிறகு கிரேஸிடம் ஒரு தாள் கேட்டு வாங்கி, எழுதிக் காட்டு என்றார். என் பெயரை எழுதினேன். தேதியை எழுதும்போது மாதத்தை மாற்றிப் போட்டுவிட்டேன். வெட்கமாகப் போய்விட்டது. எச்சில் தொட்டு விரலால் தேய்க்கப் போனேன். கையைப் பிடித்துவிட்டார்.

“தேய்க்காத. தேச்சா ஓட்டை விழும், தப்பும் தெரியாது. ஒரே கோடு போடு. கீழ இருக்கறது தெரியணும். பக்கத்துல சரியா எழுதி, உன் பேரைப் போடு.”

அடக்கத்தன்று கோவிந்தம்மாள் வந்திருந்தாள். யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. தன் தறியில் நெய்த புது வேட்டி ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தாள். எங்கள் பக்கத்தில் செத்தவர்மேல் கோடித் துணி போட உறவு வேண்டும். அவர்கள் சர்ச்சுக்காரர்கள், அவர்களுக்கு அந்த வழக்கம் உண்டா என்றுகூட அவளுக்குத் தெரியாது. பெட்டியின் மேல் போட்டுவிட்டு நகர்ந்து நின்றாள். நீ யாரம்மா என்று ஒருவரும் கேட்கவில்லை. பாதிரியார் ஜெபத்தை ஆரம்பித்தார். துணி மண்ணுக்குள் போகும்வரை பெட்டியின் மேலேயே இருந்தது.

இந்தத் தாள்களை நேற்று கிரேஸிடம் காட்டினேன். முதல் பக்கத்தில் எழுபத்தொரு வயதில் போய்விட்டார் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு அறுபத்தொன்பதுதான் மாமா, அவசரத்தில் போஸ்டரில் தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்றார். சுவரில் அச்சாகியிருந்ததால் நானும் நம்பிவிட்டேன், பழைய புத்தி. இரண்டு வருஷம் கூட. சார் இருந்தால் அது என் கூடக்குறையக் கணக்குக்குள்தான் வருகிறது என்று சொல்லியிருப்பார்.

கிரேஸ் புதுத்தாள் கொடுத்தார், அந்தப் பக்கத்தைத் திருப்பி எழுதிவிடுங்கள் என்று. நான் வாங்கவில்லை. ஸ்கேலைக் கேட்டு வாங்கினேன். எழுபத்தொன்றின் மேல் ஒரே கோடு போட்டேன். பக்கத்தில் அறுபத்தொன்பது என்று எழுதினேன். தேதி போட்டேன். முன்பு கைநாட்டு வைக்க மையில் தோய்த்து உருட்டிக் கொடுத்த அதே விரலால் பேனாவைப் பிடித்து எத்திராஜுலு என்று எழுதினேன். அவரிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது அந்தக் கோடுதான். அச்சுக் கோக்கிறவர்கள் கீழே இருப்பதை எடுத்துவிட வேண்டாம். அது தெரியட்டும்.